தரகருக்கும் பாடம் வேண்டும்!

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் ஒருவர் மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டா, வில்லங்கம் எல்லாம் தரகர் பார்த்துவிட்டார். பத்திரமும் முடிந்தது. வீடு கட்டப் போனால்தான் சிக்கல்! உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், நினைத்தபடி கட்ட முடியாது. 1991-ல் வந்த இந்த விதி 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. தரகர் எந்த வருட விதியைத் தெரிந்து வைத்திருக்கிறார்? கமிஷன் அவர் பையில், நஷ்டம் வாங்கியவர் தலையில்.

2016 ரியல் எஸ்டேட் சட்டம், பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் தரகரைப் பதிவு செய்யச் சொல்கிறது. படிக்கச் சொல்லவில்லை. தனி மனை விற்பவருக்கு அந்தப் பதிவும் கிடையாது. மகாராஷ்டிரா 2023-ல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. ஆனால் ஒருமுறை எழுதும் தேர்வு போதுமா? கலிபோர்னியாவில் 4 வருடத்துக்கு ஒருமுறை 45 மணி நேரம் படித்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும்.

'அனுபவம் போதாதா?' என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. பழைய அனுபவம் அதைச் சொல்லியிருக்குமா? பட்டப்படிப்பெல்லாம் வேண்டாம். பதிவைப் புதுப்பிக்கும்போது தமிழில் இரண்டு நாள் வகுப்பு, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பைக் கைமாற்றி விடுபவரிடம் இதைக் கேட்பது அதிகமா?