கையெழுத்துக்கு முன் பத்து நாள்



ஐம்பத்தைந்து வயதாகி ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், தோட்டத்தில் பலருக்கும் வருகிற யோசனை பட்டணத்தில் ஒரு கடை வைக்கலாம் என்பதுதான். சொந்தப் பெயரில் வைத்தால் ஆள் வருமோ வராதோ என்ற பயம். அதனால், ஏற்கனவே பெயர் எடுத்த ஒரு கடையின் பெயரையும் பக்குவத்தையும் பணம் கொடுத்து வாங்கி நடத்தும் பிரான்சைஸ் முறையில் சிலருக்கு ஆசை பிறக்கிறது. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பனார் அப்படியொரு தேநீர்க் கடை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். "எஸ்.எஸ்.எம். சர்ட்டிபிகேட் எல்லாம் காட்டினாங்க டீச்சர், கவர்மெண்டு முத்திரையே இருக்கு" என்றார்.

அந்த முத்திரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவன ஆணையத்தின் சான்றிதழ், இன்ன பெயரில் ஒரு வியாபாரம் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். காய்கறி விற்பவரும் அதை எடுக்கலாம், சேலை விற்பவரும் எடுக்கலாம். பிரான்சைஸ் விற்பதற்கு நம் நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டம் என்று பெயர். 1999 அக்டோபரில் அமலுக்கு வந்தது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் உள்ள பிரான்சைஸ் பதிவாளரிடம் பதிந்த பிறகுதான், ஒரு நிறுவனம் தன் பிரான்சைஸை மற்றவருக்கு விற்க முன்வரலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவைத்தான். அவர்கள் சொல்லும் எண்ணை எழுதி வாங்கிக் கொண்டு, அமைச்சின் மாநில அலுவலகத்தில் விசாரித்து விடுங்கள்.

"இது பிரான்சைஸ் இல்லை, வெறும் லைசென்ஸ்தான், பதிவெல்லாம் வேண்டாம்" என்று சிலர் நழுவுவார்கள். அவர்கள் பெயர்ப்பலகை, அவர்கள் முறை, அவர்கள் கட்டுப்பாடு, அதற்கு நாம் கட்டும் பணம் என்று எல்லாம் இருந்தால், என்ன பெயர் சொன்னாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது பிரான்சைஸ்தான்.

அடுத்தது அவசரம். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் ஐயாயிரம் வெள்ளி கழிவு" என்பார்கள். ஒப்பந்தத்தின் நகலையும், நிறுவனத்தின் விவரங்களைச் சொல்லும் வெளியீட்டு ஆவணத்தையும் கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாளைக்கு முன்பே நம்மிடம் கொடுத்து விட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பத்து நாளை விட்டுக் கொடுக்காதீர்கள். நமக்கு ஆங்கிலம் வராவிட்டால் என்ன? ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் வீட்டில் இருப்பாள். மாலையில் விளக்கேற்றிய பிறகு ஒரு பக்கம் ஒரு பக்கமாக அவளை வாசிக்கச் சொல்லி அர்த்தம் கேளுங்கள். புரியாத இடத்தைப் பென்சிலால் கோடிட்டு வழக்கறிஞரிடம் கொண்டு போங்கள். இருபது வருஷம் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்துக்கு முன்னால் அவர் கூலி பெரிதல்ல.

கையெழுத்துக்கு முன்பே முன்பணம் கேட்டால், அது எதற்கு, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறலாம். குறைந்தது ஏழு வேலை நாள் யோசனைக் காலம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்குள் விலகினால், ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவைக் கழித்துக் கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாசிக்கும்போது இரண்டு இடத்தில் நிதானியுங்கள். ஒன்று, காலம். பிரான்சைஸ் ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். கடை வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷம்தான். நடுவில் கடைக்காரர் காலி செய்யச் சொன்னால் யார் பொறுப்பு? இதை முன்கூட்டியே பேசி எழுதிக் கொள்ள வேண்டும்.

மற்றொன்று, விலகிய பின் வரும் தடை. பிரான்சைஸ் நடக்கும்போதும், அது முடிந்து இரண்டு வருஷம் வரையிலும், அதே மாதிரி வியாபாரம் செய்ய மாட்டோம் என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனமாகப் பதிந்திருந்தால் இயக்குநர்களின் கணவன் மனைவி, நெருங்கிய குடும்பத்தார் வரை அது பாயும். நம் பெண்கள் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் நாசி லெமாக்கும் தேநீரும் விற்று நாலு காசு பார்க்கிறார்கள். உணவுக் கடை பிரான்சைஸில் கையெழுத்திடும் முன், அந்தச் சின்ன வியாபாரத்துக்கு என்ன ஆகும் என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி நம் பக்கத்துப் பதிவுகள். தனி உரிமையாளராக நடத்துவதென்றால், தீபகற்பத்தில், வியாபாரம் தொடங்கி முப்பது நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். வியாபாரப் பெயருக்கு வருஷத்துக்கு அறுபது வெள்ளி, அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயருக்கு முப்பது. செலவு குறைவுதான். ஆனால் கடை கடன்பட்டால் அந்தக் கடன் நம் வீடு வரை வரும். செண்டிரியான் பெர்ஹாட் என்றால் செலவும் செயலாளர் கட்டணமும் அதிகம். பொதுவாகக் கடன் அந்த நிறுவனத்தோடு நிற்கும், நாமே தனியாக ஜாமீன் கையெழுத்துப் போடாத வரையில்.

இதோடு முடிந்ததென்று உட்கார்ந்து விடாதீர்கள். உள்நாட்டு பிரான்சைஸ் வாங்கியவரும், ஒப்பந்தம் கையெழுத்தான பதினான்கு நாளுக்குள் பிரான்சைஸ் பதிவாளரிடம் பதிய வேண்டும். வெளிநாட்டு பிரான்சைஸ் என்றால் கடை திறக்கும் முன்பே பதிவு வேண்டும். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பின், அந்தப் பதிவைக் கடையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டவும் வேண்டும்.

கடை உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் நகராண்மைக் கழகத்தில் எடுப்பது. உணவுக் கடையென்றால் சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போய், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். கடையில் ஆள் வைத்தால், அது அக்காள் மகனே ஆனாலும், சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பதிந்து, ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டி விடுங்கள்.