எந்தச் சொல் தமிழில் இல்லை?

உயரறிவியலைத் தமிழில் உரைக்கவொண்ணாது என்போர் இன்னும் ஓய்ந்திலர். புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது; தமிழர் வரிப்பணத்தில் எழுந்த அங்கும் பயிற்றுமொழி ஆங்கிலமே!

இவர்தம் கூற்றுக்கு ஓர் ஆய்வே விடை பகரும். டி.என்.ஏ. என்னும் மரபீனி இழையை நுண்துளை வழிச் செலுத்தி, நோய்நுண்மிகளை இனங்காணும் கருவிகள் இன்று உள்ளன. அத்தகு துளையில் ஒற்றை இழை இழுபடும் விசையை 2006-இல் நெதர்லாந்தின் தெல்பு நகர் ஆய்வாளர் நேரே அளந்தனர். இழையின் தடிமன் 2 நானோமீட்டர். துளையோ ஏறத்தாழ 10. எதிர்மின்னேற்றம் கொண்ட இழையை மின்புலம் உள்ளிழுக்கும். மறுமுனையில் ஒட்டிய சிறுமணியைச் சீரொளி பற்றி நிறுத்தும். மணி விலகும் அளவைக்கொண்டு விசையைக் கணித்தனர். மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டு கூட, விசை 0.24 பிக்கோநியூட்டன் கூடிற்று. பிக்கோ என்பது இலக்கங்கோடியில் ஒரு கூறு.

தச்சங்குறிச்சி வாடிவாசல் வழியே பாயத் துடிக்கும் காளையைக் கயிற்றால் நிறுத்துபவன் கை, அதன் வலிவை உணராதா? அதுவே இதுவும்! புதுக்கோட்டைச் சிற்றூர்ப் பிள்ளைக்கு இது விளங்காதா?

இழை, துளை, விசை, மின்புலம், சீரொளி: இவற்றுள் எது தமிழன்று? அலகுப் பெயர்களே அயல். அவையும் ஆங்கிலத்துக்கே உரியனவல்ல. நானோ கிரேக்கம், வோல்ட்டு இத்தாலியர் ஒருவரின் பெயர்வழி வந்தது.

குறை மொழியிலன்று, அதைக் கல்லூரியில் அமர்த்தாத ஆட்சியில்! தமிழ்வழி மருத்துவக் கல்வி வரும்வரை ஓயற்க, தமிழர்களே!