மாலைப் பசிக்கு மல்லாட்டை

மாலை நாலு மணிக்கு மேல் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பேருந்தை விட்டு இறங்குகிற பிரயாணி, பசி என்ற ஒன்று தனக்கு இருப்பதையே டீக்கடை எண்ணெய்ச் சட்டியின் வாசனையால்தான் உணர்கிறான். உணர்ந்தவன் கை, பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் மிக்சர் பொட்டலத்துக்குமே நீளுகிறது. சுற்றிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற சீமையில் இப்படி நடப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

ஏனெனில், திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குடியாத்தம் கொத்து என்னும் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, இவ்வூரின் பெயரையே தாங்கி, ஆந்திர, கன்னடப் பிரதேசங்களிலும் பல தசாப்தங்கள் விதைக்கப்பட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலையைத் தேசத்துக்கு அளித்த ஊர் இது.

கொறிக்கும் பண்டத்தை மாற்றினால் என்ன பயன் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2017ஆம் ஆண்டில் ரெம், ட்ரெவ்னாவ்ஸ்கி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க ஜனங்களின் உணவுக் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு, அவர்கள் கொறிக்கும் பண்டங்களை நீக்கி, அதே கலோரி அளவுக்குப் பாதாம் முதலிய கொட்டைகளை அவ்விடத்தில் வைத்துக் கணித்தபோது, சர்க்கரையும் உப்பும் தீய கொழுப்பும் குறைந்து, நார்ச்சத்தும் மெக்னீசியமும் நல்ல கொழுப்பும் கூடி, ஆகாரம் முழுவதின் தரமுமே உயரக் கண்டார்கள். இது ஏட்டுக் கணக்குதான். மனிதர்களை உண்ணச் செய்து பார்த்த பரீட்சையன்று. ஆயினும், கொட்டைகள் உள்ளே வருவதனால் மட்டுமன்றி, பழைய பண்டங்கள் வெளியே போவதனாலும் நன்மை உண்டு என்பதை அது காட்டுகிறது.

பாதாமின் விலை சாமானியக் குடும்பத்துக்கு எட்டாது. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தாவர சாஸ்திரப்படி மல்லாட்டை பயறு இனத்தைச் சேர்ந்ததே எனினும், போஷாக்கில் அது கொட்டைகளின் வரிசையில் தாராளமாக உட்காரும். வறுத்த பருப்பு 30 கிராமில், அதாவது ஒரு கைப்பிடியில், ஏறக்குறைய 7 கிராம் புரதமும் 170 கலோரியும் உண்டு. மைதா பிஸ்கட்டினால் அந்தப் புரதத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. ஆனால், பஜ்ஜியையும் தின்றுவிட்டு அதன்மேல் கடலையும் கொறிப்பவருக்கு அந்த 170 கலோரி வெறும் உபரியே. மாவு பூசி எண்ணெயில் பொரித்த மசாலாக் கடலை, பழைய பண்டமே வேறு வேஷத்தில் வந்ததாகும். பூஞ்சை பிடித்ததையும் கசப்பதையும் தயக்கமின்றி எறிந்துவிட வேண்டும். அதில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் கல்லீரலைக் கெடுக்கும்.

அறுவடைக் காலத்தில், ஈரத்துணி மூடிய அன்னக்கூடையிலிருந்து ஆவி பறக்க அவித்த மல்லாட்டையை ஆழாக்கால் அளந்து, "இன்னும் ரெண்டு எடுத்துக்க சாமி" என்று மேலும் ஒரு பிடி கொசுறு போடும் மூதாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். செம்மண் கறை போகாத தோட்டை விரலால் அழுத்தினால் இளஞ்சூடான உப்புநீர் துளிர்க்கும். பருப்பு வெண்ணெயாய்க் கரையும். இந்த ருசிக்கு நிகராக எந்தப் பொட்டலத்தையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, இவ்விரண்டு ஊர் டீக்கடைக்காரர்களையும் வேண்டிக்கொள்கிறேன்: பஜ்ஜித் தட்டின் பக்கத்தில், அவித்ததோ வறுத்ததோ, ஒரு பாத்திரம் மல்லாட்டையும் வையுங்கள். வாசகர்களே, அது இருக்கிற கடையில் பஜ்ஜியை விட்டு அதையே கேட்டு வாங்குங்கள்.