கூச்சல் என்று சொல்லிவிட்டால் போதுமா?

இளைஞர் ராக் இசை கேட்டால் தமிழ்ப் பண்பாடு சிதைந்துவிடும் என்னும் கூற்று நம் ஆசிரியர் அறைகளில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. 'காட்டுக் கூச்சல்' என்பது அவ்விசைக்கு நாம் வழங்கும் பெயர். அப்பெயரை வழங்குவோருள் எத்தனை பேர் ஒரு மேடை நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை முழுமையாகச் செவிமடுத்திருக்கின்றனர்? கேளாமலே தீர்ப்புக் கூறும் பழக்கத்தை மாணவரிடம் நாம் கண்டால் கண்டிக்கமாட்டோமா?

ராக் இசை உயர்ந்தது என்று வாதிட நான் வரவில்லை. அதில் பதர் உண்டு. நாம் போற்றும் திரையிசையிலும் பதர் உண்டு. தந்தை தாம் விரும்பிய குழுவின் பாட்டை மகனுக்குக் கேட்பிப்பதும், மகன் தன் விருப்பத்தைத் தந்தையின் செவிக்குக் கொண்டுவருவதும் நம் வீடுகளில் அருகிவிட்டன. இதுவே என் குறை. இதனால் நாம் இழந்து நிற்பது நம் சொந்த இசையையே.

பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் நடத்திய 'அலிகேட்ஸ்' குழுவை எண்ணிப் பாருங்கள். 1970களில் ஹாங்காங் மேடைகளில் வாசித்துத் திரும்பிய அக்குழு, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றது. 2007ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் லோகநாதன் மறைந்தபோது இனவேறுபாடின்றி மக்கள் வருந்தினர். நம் மாணவருள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? "அவர்கள் மலாயில் பாடினார்கள், தமிழுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்போர் உளர். நன்று. 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பைத் தமிழிலேயே வெளியிட்டனர். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலொன்று அதில் சொல்லிசையாகப் புத்துருவம் கொண்டது. தந்தையின் பாட்டை மகன் தன் தாளத்தில் ஏற்றுக்கொண்ட செயல் அது. உடனே, தமிழைக் கெடுக்கிறார்கள் என்ற குரல் எழுந்தது. மலாயில் பாடினால் ஒரு குற்றம், தமிழில் பாடினால் மற்றொரு குற்றம் என்றால் இளைஞன் எம்மொழியில்தான் பாடுவது?

ஒலியைக் கைமாற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியை ஆசிரியர்கள் அறிவர். தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளிலிருந்து தேவாரத்தின் சொற்கள் மீட்கப்பட்டன. பண்ணை ஏடு தரவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்கிறது அந்நூல். இறையருள் என்பார் அவ்வாறே கொள்க. ஆயினும் அதற்கு அம்மரபில் பிறந்தவளே வேண்டப்பட்டாள் என்பதை நோக்குதல் வேண்டும்.

நாம் கூச்சல் என்று ஒதுக்கும் இசையின் அன்பர்கள் இவ்வகையில் நம்மினும் விழிப்புடையவர்கள். 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் அமெரிக்க ராக் குழு, அவையோர் தன் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து கொள்ள இசைந்தது. 1984இல் பதிவுசெய்வோர்க்கென அரங்கில் தனியிடமே ஒதுக்கியது. அன்பர்கள் அந்நாடாக்களைப் படியெடுத்து, நாளும் ஊரும் பாடல் வரிசையும் எழுதி, ஒருவர்க்கொருவர் வழங்கினர். 1977ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அக்குழு வாசித்த நிகழ்ச்சியின் பதிவை, 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத்து நாம் என்ன செய்தோம்? தோட்டத்து மாரியம்மன் திருவிழா இரவுகளில் மெல்லிசைக் குழுக்கள் மேடையேறின. விடியலில் பால்மரம் சீவிய கைகள் இரவில் கித்தார் மீட்டின. ஒலிபெருக்கியின் அருகே பதிவுக் கருவியை வைத்து அவற்றை நாடாவில் பிடித்தவர்களும் உண்டு. இசைத்தட்டு பாட்டை மட்டுமே தரும். அந்நாடாக்களிலோ நேயர் விருப்பச் சீட்டைப் படிக்கும் அறிவிப்பாளரின் குரல் உண்டு. குழந்தையின் அழுகை உண்டு. முன்வரிசைக் கிழவியின் கிண்டலும் உண்டு. தோட்டத்துத் தமிழ் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எந்த இலக்கண நூலில் இருக்கிறது? இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறின. இலயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது குத்துவிளக்கு உடன் வந்தது. நாடாப் பெட்டி குப்பைக்குப் போயிற்று. எஞ்சியவை நம் நாட்டு ஈரக்காற்றில் பூசணம் பூத்துக்கொண்டிருக்கின்றன.

ஆசிரிய நண்பர்களே, 'நூலகத்தின் பயன்' என்னும் கட்டுரைத் தலைப்பை ஓராண்டு ஒத்திவையுங்கள். மாணவன் தன் கைப்பேசியில் உள்ள ராக் பாட்டைத் தாத்தாவுக்குக் கேட்பிக்கட்டும். தாத்தா முகம் சுளிக்கலாம். சுளித்தபின் தம் காலத்துக் குழுவைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார். வீட்டில் நாடா இருந்தால் அதே கைப்பேசியில் அதைப் பதிவுசெய்து, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், பாடியவர் யார், தாளம் தட்டியவர் யார் என்று அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதிக் கொண்டுவரட்டும்.