செனெகாவுக்கு முன்பே ஒரு துன்பியல் மரபு

ரோமானியத் துன்பியல் நாடகம் என்றதும் செனெகாவின் பெயர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. முழுமையாகக் கிடைத்திருக்கும் லத்தீன் துன்பியல் நாடகங்கள் செனெகாவின் பெயரில் வந்தவை மட்டுமே. ஆகவே இது இயல்புதான். ஆனால் இதனால் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. அந்த நாடகக்கலை கி.பி. முதல் நூற்றாண்டில்தான் ரோமில் தோன்றியது என்பது ஒன்று. அது மக்கள் கூடிப் பார்த்த கலையல்ல, கற்றவர்கள் படித்து மகிழ்ந்த எழுத்து மட்டுமே என்பது இன்னொன்று. இரண்டும் பிழை என்று காட்ட லூசியஸ் அக்கியஸ் ஒருவரே போதும்.

ரோமில் லத்தீன் நாடகம் கி.மு. 240இல் லிவியஸ் ஆந்த்ரோனிக்கஸ் வழியாகத் தொடங்கியது. நேவியஸ், என்னியஸ், பகூவியஸ் ஆகியோர் துன்பியலை வளர்த்தார்கள். அந்த வரிசையில் கடைசிப் பெரும்புலவர் அக்கியஸ். கி.மு. 170இல், அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவர்களின் மகனாகப் பிறந்தவர். எண்பது வயதுப் பகூவியஸும் முப்பது வயது அக்கியஸும் ஒரே அதிகாரிகளின் ஆட்சிக்காலத்தில் நாடகம் அரங்கேற்றினார்கள் என்ற செய்தியை ரோமானியச் சொற்பொழிவாளரும் அரசியல்வாதியுமான சிசரோ பதிவு செய்திருக்கிறார். சிசரோ இளம்வயதில் அக்கியஸை நேரில் சந்தித்து உரையாடியவர். அப்படியானால் அக்கியஸ் நீண்ட காலம் வாழ்ந்து, கி.மு. முதல் நூற்றாண்டைக் கண்டிருக்கிறார்.

அவருடைய நாடகங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றின் பெயர்கள் தெரிகின்றன. பெரும்பாலானவை கிரேக்கத் தொன்மங்களை ஒட்டியவை: அத்ரியஸ், மெதியா, பிலோக்தெத்தா, அந்திகோனா. ரோமானியரின் சொந்த வரலாற்றிலிருந்தும் இரண்டு எழுதினார். கொடுங்கோல் மன்னன் தார்க்வினியஸை விரட்டிய கதை 'புரூட்டஸ்'. போரில் தன்னையே பலி கொடுத்த தளபதியின் கதை 'தேசியஸ்'. கி.மு. 138இல் கான்சலாக இருந்த தெசிமஸ் யூனியஸ் புரூட்டஸ் அவரை ஆதரித்தவர். அந்தப் புரவலரின் குலத்து முன்னோனே 'புரூட்டஸ்' நாடகத்தின் தலைவன். நாடகங்களோடு நாடக வரலாறு, லத்தீன் எழுத்துமுறை ஆகியவற்றையும் அக்கியஸ் ஆராய்ந்தார்.

இவற்றில் ஒரு நாடகமும் முழுதாக இன்றில்லை. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ எழுநூறு வரிகள். அவையும் பிறர் எடுத்தாண்டதால் பிழைத்தவை. இங்கேதான் வாசகர் கவனமாக இருக்க வேண்டும். பிற்காலத்து அகராதி ஆசிரியர் நோனியஸ் மார்செல்லஸ் பல வரிகளைக் காப்பாற்றினார். அவர் தேடியது வழக்கொழிந்த சொற்களை. ஆகவே எளிய, இனிய வரிகளுக்கு அவர் நூலில் இடம் குறைவு. சிசரோவோ உணர்ச்சி பொங்கும் பேச்சுகளையும் ஒழுக்க விவாதத்துக்கு உதவும் வாசகங்களையும் எடுத்தாண்டார். அதனால் அக்கியஸின் நடை கரடுமுரடானது, எப்போதும் உரத்து முழங்குவது என்ற தோற்றம் நமக்குக் கிடைக்கிறது. அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு தொகுத்தவர்களின் விருப்பத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் அவரை எடைபோடுவது நியாயமல்ல. பல வரிகளைப் பேசியது யார், எந்தக் காட்சியில் பேசினார் என்பதையும் அறிஞர்கள் ஊகித்தே அடுக்குகிறார்கள். பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறுவது இதனால்தான்.

இந்த நாடகங்கள் மேடையில் எவ்வளவு உயிரோடு இருந்தன என்பதற்குச் சான்று உண்டு. கி.மு. 57இல், நாடுகடத்தப்பட்ட சிசரோவைத் திரும்ப அழைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அப்போது ஈசோப்பஸ் என்ற புகழ்பெற்ற நடிகர் அக்கியஸின் வரிகளைச் சிசரோவை நினைவூட்டும்படி பேச, கூட்டம் உருகியது. 'புரூட்டஸ்' நாடகத்தில் துல்லியஸ் என்ற பழைய மன்னனைப் போற்றும் இடம் வந்ததும் மக்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சிசரோவின் குலப்பெயரும் துல்லியஸ்தான். தம்மைப் பற்றிச் சிசரோவே சொல்வதால் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆயினும் நாடகத்தின் வரியை அன்றைய அரசியலோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் அந்த அவையோருக்கு இருந்தது தெளிவு.

கி.மு. 44இல் இது இன்னும் வெளிப்படையானது. சீசரைக் கொன்ற மார்க்கஸ் புரூட்டஸ் அந்த ஆண்டு அப்போலோ விழாவை நடத்தும் பொறுப்பில் இருந்தார். ஆனால் ரோமில் கால் வைக்க முடியாத நிலை. மன்னனை விரட்டிய முன்னோனின் கதையான 'புரூட்டஸ்' மேடையேற வேண்டும் என்று அவர் விரும்பினார். அவருக்குப் பதிலாக விழாவை முன்நின்று நடத்திய கையஸ் அந்தோனியஸ் அதை மாற்றி 'தெரியஸ்' நாடகத்தைப் போடச் செய்தார். அதுவும் அக்கியஸ் எழுதியதே. அதற்கும் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆசிரியர் இறந்து பல பத்தாண்டுகளான பிறகும் அவர் நாடகம் அதிகாரத்தை அஞ்ச வைத்தது. கிரேக்கக் கதையைத் தழுவியது என்பதாலேயே வெறும் நகல் என்று ஒதுக்குபவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. கதை கிரேக்கருடையது, அதில் ஒலித்த அச்சமும் விடுதலை வேட்கையும் ரோமானியருடையவை.

செனெகா தம் 'தையெஸ்தெஸ்' நாடகத்தில் கையாண்டதும் அக்கியஸ் எழுதிய அதே அத்ரியஸின் கதைதான். ஆகவே செனெகாவை ரோமானியத் துன்பியலின் தொடக்கமாக அல்ல, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரபின் பிற்கால விளைச்சலாகப் படியுங்கள். அக்கியஸின் ஒரு வரியைக் காணும்போது, அதைக் காத்தவர் யார், எதற்காகக் காத்தார் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வியோடு படித்தால்தான் அவருக்கு நியாயம் செய்ய முடியும்.