இறந்து பிறந்த பிள்ளைக்கு ஒரு முழத் துணி

வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டுக்குள் எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்த அவருடைய மகள். மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் வேலூர் ரோடு நிறைந்திருந்தது. நான்கு ஆட்டோக்கள் நின்றன. துண்டுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததும் நான்கும் கிளம்பிவிட்டன. ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: "நாளைக்குச் சவாரி இருக்கு தம்பி. தீட்டு. வண்டியக் கழுவணும்." கடைசியில் டவுன் பஸ்ஸில் போனோம்.

இது நடந்து ஏழு வருடமாகிறது. மருத்துவமனைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இதை மட்டும் இதுவரை எழுதியதில்லை.

எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கடைநிலை ஊழியர் ஒருவர்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். 2023 டிசம்பரில் அதைத்தான் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது புளியந்தோப்பில் ஒரு பெண்ணுக்கு வீட்டிலேயே குழந்தை இறந்து பிறந்தது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த உடலைத் துணிகூடச் சுற்றாமல் அட்டைப்பெட்டியில் வைத்துத் தகப்பன் கையில் கொடுத்தார்கள். படம் வெளியானது, ஊரே கொதித்தது. பிணவறை உதவியாளர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், விசாரணைக் குழு போட்டார்கள். அதோடு அந்தச் செய்தி அடங்கிவிட்டது. இறந்த குழந்தையைப் பெற்றவர்களிடம் எப்படிக் கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி விவாதத்துக்கே வரவில்லை.

அக்காவுக்கு நடந்தது இதுதான். குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டதை அவளிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார்கள். பிரசவம் முடிந்ததும் குழந்தையை அவளுக்குக் காட்டாமல் எடுத்துப் போனார்கள். "பாத்தா மனசு கெட்டுடும்" என்றார்கள். பிறகு, பிள்ளை பெற்ற தாய்மார்கள் நிறைந்த வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். இரவு முழுக்க இரண்டு பக்கமும் குழந்தைகள் அழுதன. "ஊரா, காலனியா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கும் சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்ட வாயிலிருந்து எப்போது நீக்குவது?

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இறந்தாலும் பால் சுரக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லி அனுப்பவில்லை. காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டார். அது வெறும் பாட்டி வைத்தியமில்லை. 1980களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மல்லிகைப்பூவைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிக்குத் தெரிந்ததை ஒரு மருத்துவமனை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?

"இதுல சாதி எங்க வந்துச்சு? எல்லாருக்கும் இதே கதிதானே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வந்தது தோழர்களே. பிரசவ ரத்தம் தீட்டு, பிணம் தீட்டு. இறந்து பிறந்த பிள்ளை இரண்டு தீட்டும் ஒன்றுசேர்ந்த உடல். ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்துவிட்ட மருத்துவச்சியைப் பிரசவம் முடிந்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. இன்று அந்த உடலைத் தொடும் வேலை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் தலையில் விழுகிறது. அவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொடுவதைக் கீழான வேலையாக்கிவிட்டால், தொட்டு ஆறுதல் சொல்வது யாருடைய வேலையாகவும் இருக்காது.

அரசு மருத்துவமனையை நம்பித்தான் நம் பெண்கள் போகிறார்கள். அதை இழுத்து மூடச் சொல்லும் தனியார்மயக் கூட்டத்தோடு எனக்கு உறவில்லை. நர்ஸுகளும் எதிரிகள் இல்லை. 2015-இல் எம்.ஆர்.பி. மூலம் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதை எதிர்த்து 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அன்றிரவு அக்காவின் கட்டிலருகே ஒரே ஒரு சிஸ்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். தூக்கமில்லாத கண்கள். வேறொரு கட்டிலிலிருந்து கூப்பிட்டார்கள், ஓடினார். அந்த ஐந்து நிமிடம் அவருடைய சொந்த மனசு. அதைக் கடமையாக்கி, அதற்கு நேரமும் ஆளும் பயிற்சியும் தருவது அரசின் வேலை.

பிரிட்டனில் இறந்த குழந்தையின் பெற்றோருக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் பல மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். கால்தடம் எடுத்துத் தருகிறார்கள். 24 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறந்தாலும், வேலை பார்க்கும் பெற்றோருக்கு இரண்டு வார துக்க விடுப்பு 2020 ஏப்ரல் முதல் சட்டப்படி உண்டு. நம் சட்டமும் ஊமை இல்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இறந்து பிறந்த குழந்தையையும் 'குழந்தை' என்றது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதையும் 'பிறப்பு' என்றது. சட்டத்தில் அது குழந்தை, வார்டில் அப்புறப்படுத்த வேண்டிய பொருள். என் அக்காவைப் போல நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அந்த மகப்பேறு விடுப்பும் எட்டாது. அவள் பதினைந்தாம் நாள் வயலில் இறங்கினாள்.

"முதலில் சாவைத் தடுப்போம், அழுகையைப் பிறகு பார்ப்போம்" என்பார்கள். சாவைத் தடுக்கத்தான் வேண்டும். இறந்து பிறப்பதை 2030-க்குள் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே கொண்டுவருவதாக 2014-இல் ஒன்றிய அரசு இலக்கு வைத்தது. ஆனால் அழுகை ஆடம்பரம் என்று யார் சொன்னது? அம்பேத்கரும் ரமாபாயும் தங்கள் ஐந்து பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர்கள். 1926-இல் ராஜரத்னா இறந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய பாபாசாகேப், பெண்ணுக்குத் தரும் அந்த ஓய்வு நாட்டின் நலன் என்றும், அதன் செலவில் பெரும்பகுதியை அரசு சுமக்க வேண்டும் என்றும் வாதாடினார். வீட்டுக்குள் நடந்ததை விதி என்று விடாமல் அரசின் பொறுப்பாகப் பேசிய அந்த அரசியல்தான் நமக்கு வேண்டும்.

கேட்பவை பெரியவை இல்லை. குழந்தை இறந்துவிட்டதைத் தாயிடமும் தகப்பனிடமும் நேராக, உட்கார்ந்து சொல்லுங்கள். பார்க்கவும் தூக்கவும் விருப்பமா என்று கேளுங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள், தடுக்கவும் செய்யாதீர்கள். சுத்தமான ஒரு முழத் துணியில் சுற்றிக் கொடுங்கள். தனி அறை இல்லையென்றால் வார்டின் ஓரத்தில் ஒரு திரையாவது போடுங்கள். பால் சுரக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். வீடு போய்ச் சேர வண்டி கொடுங்கள். கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் சொல்லுங்கள். அக்காவுக்குப் பத்தாவது நாள் "பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று போன் வந்தது.

அன்று மாலை எங்கள் சுடுகாட்டில், வரப்பில் நடந்து போய்த்தான் புதைத்தோம். பாதை கிடையாது. 2019-இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டு, ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய செய்தி வந்தபோது எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தலைச்சன் பிள்ளை, மண்டையோட்டைத் தோண்டிவிடுவார்கள் என்று பயந்து மாமா மூன்று இரவு அங்கேயே காவல் படுத்தார்.

அக்காவுக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது, யாரும் இல்லாதபோது என்னிடம் கேட்பாள்: "நீ பாத்தியேடா, அவ மூஞ்சி யாரு மாதிரி இருந்துச்சு?" உன்னை மாதிரிதான் என்கிறேன். அவளே பார்த்திருக்க வேண்டிய முகம் அது.