நாற்பது வயதுப் பட்டதாரிக்கு மாலை எங்கே?

நமது தோட்டங்களில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடைபெறுகிறது. கோயில் மண்டபத்திலோ, பள்ளிக்கூடத்திலோ மேடை போடுகிறோம். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். மாலை போடுகிறோம்; கை தட்டுகிறோம். இது நல்ல வழக்கம். வளர வேண்டிய வழக்கம்.

ஆனால், அதே கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு சகோதரி உட்கார்ந்திருக்கிறார். நியாலாஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவர். தோட்ட ஆபீசில் கிராணி. பகலெல்லாம் செக்ரோல் எழுதிவிட்டு, இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு புத்தகத்தைத் திறந்தவர். ஆறு ஆண்டுகள் இப்படிப் படித்துப் பட்டம் பெற்றார். அவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. "இந்த வயதில் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டவர்கள்தான் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வெளியார் அல்லர், நம்மவர்களே. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வயது வந்த பிறகு படிக்க வருகிறவர்கள் ஏன் இளமையில் படிக்கவில்லை? சோம்பலா? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, ஆனால் ஆரம்பப் படிப்போடு நின்றது. பிற்காலத்தில் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக இருந்தது. பஸ் செலவு, தூரம், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை, அப்பாவுக்கு நிரை முடிக்க உதவி — இவற்றுக்கிடையே எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்! வாசல் அடைபட்டதால் வெளியே நின்றவர்களைப் பார்த்து, "ஏன் நேரத்துக்கு வரவில்லை?" என்று கேட்பது நியாயமா?

உலகம் இந்த நியாயத்தை எப்போதோ உணர்ந்துவிட்டது. லண்டன் பல்கலைக் கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, தன் வகுப்பில் வந்து உட்காராதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி செய்தது. பிரிட்டனின் திறந்த பல்கலைக் கழகம் 1971-இல் பாடம் தொடங்கியபோது, பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களையும் ஏற்றுக்கொண்டது. அதே 1971-இல் பினாங்கு அறிவியல் பல்கலைக் கழகம், வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக வெளிவளாகப் படிப்பைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் மலேசியத் திறந்த பல்கலைக் கழகம் அமைக்கப்பட்டது. பின்னர் பினாங்கில் வாவாசான் திறந்த பல்கலைக் கழகம் வந்தது. பட்டம் இல்லாமல் பணியில் சேர்ந்த தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் பலர் இத்தகைய வழிகளில்தான் பட்டதாரிகளானார்கள்.

இன்று மற்றொரு வழியும் இருக்கிறது. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ. வகுத்துள்ள 'ஏப்பல்' முறையில், 21 வயதைத் தாண்டியவர், தமது வேலை அனுபவத்தைக் காட்டி, அதற்கான தேர்விலும் தேறினால், இளங்கலைப் படிப்பில் சேரலாம். அனுபவமும் கல்விதான் என்று நாடே ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

"அப்படியானால் இது கொல்லைப்புற வழிப் பட்டம்தானே?" என்கிறார்கள் சிலர். தவறு. அனுபவம் திறப்பது வாசற்கதவை மட்டுமே. உள்ளே போன பிறகு எழுத வேண்டிய கட்டுரையை எழுதித்தான் ஆக வேண்டும். தேர்வில் தேறித்தான் ஆக வேண்டும். வெள்ளி காசு கட்டிவிட்டால் விடைத்தாள் தானாக எழுதிக்கொள்ளாது.

இனி மரியாதைக்கு வருவோம். பல்கலைக் கழகங்களில் 'டீன் பட்டியல்' என்று ஒன்று உண்டு. ஒரு பருவத்தில் 3.5-க்குக் குறையாத சராசரி பெறுவோரை அதில் சேர்ப்பது பொதுவான வழக்கம். ஆனால், அந்தப் பருவத்தில் குறிப்பிட்ட அளவுப் பாடங்களை எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் இருக்கிறது. வேலையும் குடும்பமும் உள்ளவர் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று பாடங்களுக்கு மேல் எடுப்பதெப்படி? எடுத்த பாடங்கள் எல்லாவற்றிலும் முதல் தரமாகத் தேறினாலும் அவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறாது.

தோட்டக் கணக்கில் இதைச் சொல்கிறோம். அரைப் பேர் வேலை செய்தவருக்கு அரைப் பேர் போடுகிறோம். அடுத்த நாள் இன்னொரு அரைப் பேர் சேர்ந்தால் ஒரு பேர் ஆகிறது. அரை நாள் வேலை செய்தவரை, வேலைக்கே வரவில்லை என்று எந்தக் கிராணியும் செக்ரோலில் எழுதுவதில்லை. பல்கலைக் கழகமும் அப்படிக் கணக்கிட்டால் என்ன? இரண்டு மூன்று பருவங்களின் பாடங்களைச் சேர்த்துப் பார்த்து, தகுதி இருந்தால் பெயரை ஏற்றட்டும்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் 'ஆல்ஃபா சிக்மா லாம்டா' என்ற கௌரவக் கழகம் 1940-களின் நடுவிலிருந்து இயங்கி வருகிறது. வயது வந்த மாணவர்களுக்கென்றே ஏற்பட்டது அது. குறைந்தது 24 மதிப்பலகுகள் முடித்து, 4-க்கு 3.2 சராசரி பெற்று, தம் போன்ற மாணவர்களில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வருபவரையே சேர்த்துக்கொள்கிறது. எத்தனை பருவத்தில் முடித்தாய் என்று கேட்பதில்லை. எப்படி முடித்தாய் என்று கேட்கிறது. கருணைக்குத் தரும் பரிசல்ல அது. நாமும் கருணை கேட்கவில்லை. புள்ளியைக் குறைக்கச் சொல்லவில்லை. கணக்கைச் சரியாகப் போடச் சொல்கிறோம்.

படிக்கப் போகும் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பட்டம் வேறு, அதற்குக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. தமிழ்நாட்டில், பள்ளி இறுதித் தேர்வும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்த பல்கலைக் கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களுக்கு, அந்தப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009-ஆம் ஆண்டு அரசாணை வந்தது. படித்து முடித்தவர்கள் திகைத்து நின்றார்கள். இங்கும், அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாய் மொழித் தேர்ச்சி தனியாகக் கேட்கப்படுகிறது. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா, நாம் விரும்பும் வேலைக்கு அது செல்லுமா என்று விசாரியுங்கள். சேமநிதியிலிருந்து சொந்தப் படிப்புக்குப் பணம் எடுக்க இடமுண்டு. ஆனால் அது முதுமைக்கு வைத்த பணம் என்பதை மறவாதீர்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் விடுப்புத் தருவதால் தோட்டம் நஷ்டப்பட்டுவிடாது. படித்து வந்தவரைப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைப்பதுதான் நஷ்டம்.

நம் மலாக்கா மண்ணில்தான், 1896-ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் நியாலாசுக்குப் பக்கத்துப் புக்கிட் அசகானிலும், டான் சாய் யான் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டார். நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை காத்திருந்தவரை இன்று யாரும் பைத்தியக்காரர் என்று சொல்வதில்லை. முன்னோடி என்று போற்றுகிறோம். ஆறு ஆண்டு இரவுகளைக் கொடுத்துப் பட்டம் பெற்றவருக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

பல்கலைக் கழகம் விதியைத் திருத்தக் காலம் ஆகலாம். நிர்வாகம் மனம் மாறவும் காலம் ஆகலாம். ஆனால் நம் மேடை நம் கையில் இருக்கிறது. அடுத்த பரிசளிப்பு விழாவில், பிள்ளைகளை அழைத்த அதே குரலில் அந்தச் சகோதரியையும் பெயர் சொல்லி அழைப்போம். அம்மாவுக்கு மாலை விழுவதைப் பார்க்கும் பிள்ளை, படிப்பைப் பாதியில் விடுவதற்கு ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும்.